துறட்டிக்கோலில் வந்த பொன்னாடை

ரிஷிவந்தியத்திலிருந்து மணலூர்பேட்டை செல்லும் சாலையில், கரும்பு வயல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் முதியோர் இல்லத்தின் வாயிலில் இன்றும் ஒரு விளம்பரத் தட்டி தொங்குகிறது. 'தொற்றே நுழையாத நூற்றைம்பது நாள்' என்று அதில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அறக்கட்டளைச் செயலாளர் ஆல்பர்ட் கைகூப்பிச் சிரிக்கிறார். அவரைச் சுற்றிப் பதினொரு கொடையாளர்கள் சிறு சிறு வட்டங்களுக்குள் சிரிக்கிறார்கள். அந்த நூற்றைம்பது நாளில் இப்பன்னிருவரில் ஒருவர்கூட இல்லத்துக்குள் காலடி வைத்ததில்லை. தொற்று நுழையாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உள்ளே இருந்தவர் ஆனந்தமேரி. தட்டியில் அவருக்கு வட்டம் இல்லை.

நைனார்பாளையத்துக்காரர், ஐம்பத்தாறு வயது, கணவரை இழந்தவர். எங்களைக் குளிப்பாட்டுவதும் படுக்கை மாற்றுவதும் ஒன்பது ஆண்டுகளாக அவருடைய வேலை. இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஊரடங்கு அறிவிக்கப்பட்ட அன்று, சமையற்காரர் சொல்லாமலே புறப்பட்டார். காவலாளி முனியனுக்கு மனச்சாட்சி சற்று அதிகம். வாயிற்சாவியை ஆனந்தமேரியின் கையில் வைத்து, "ரெண்டே நாளு மேரியக்கா, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய நாட்காட்டியில் அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. இருபத்திரண்டு முதியவர்களுக்கு ஒருவர் மிஞ்சினார். கை நடுங்காதவர்கள் காய் நறுக்கிக் கொடுத்தோம். மற்றவை எல்லாம் அவர் தலையில்தான்.

மறுநாள், கள்ளக்குறிச்சியில் தம் வீட்டு மாடியில் பத்திரமாக இருந்துகொண்டு செயலாளர் அலைபேசியில் ஆணையிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அனைவரும் கேட்டோம்.

"மேரி, நல்லா கேட்டுக்கோ. போப்பாண்டவரே வந்து நின்னாலும் கேட்டைத் தொறக்கக்கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

அவருக்கு உண்மையாகவே புரிந்துவிட்டது. பின்னால் வந்த தொல்லைகளுக்கெல்லாம் அதுதான் காரணம்.

சூன் மாதம் ஆனந்தமேரியின் மகள் பிரின்சி, தலைப்பிரசவத்துக்காகக் கணவன் வீட்டிலிருந்து தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். வீடு இருந்தது, தாய்தான் இல்லை. தலைப்பிரசவத்தில் மகளுக்கு வெந்நீர் ஊற்றுவதும் பத்தியச் சோறு வடித்துப் போடுவதும் பெற்றவளின் உரிமை. அதைத் தவறவிட்டவளைச் சம்பந்தி வீட்டார் ஆயுள் முழுவதும் பேசுவார்கள். ஆனந்தமேரி செயலாளரிடம் ஐந்து நாள் விடுப்புக் கேட்டார்.

"போறதுன்னா போ. வெளிய போனவ திரும்பி உள்ள வர முடியாது. ரூல்னா ரூல்தான். மாத்து ஆளெல்லாம் இப்ப கெடைக்க மாட்டாங்க."

ஆனந்தமேரி போகவில்லை. பக்கத்து வீட்டுச் செவ்வந்தி பிரின்சியை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். அன்று எங்களுக்கு வந்த கஞ்சியில் உப்பு இருமடங்கு இருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

மாலையில் சம்பந்தியம்மாள் அழைத்தார். "இன்னா சம்பந்தி, ஊர்ல இருக்கற கெழவனுக்கெல்லாம் கால் கழுவிக்கினு இருக்கீங்க. பெத்த பொண்ணுக்கு ஒரு சொம்பு வெந்நி ஊத்த ஆளு இல்ல."

அதைவிடச் சுருக்கமாகப் பேசியவள் பிரின்சி. "நீ வராத. அந்தக் கேட்டையே கட்டிக்கினு அழு." அதன் பிறகு அவள் தாயின் அழைப்பை எடுக்கவில்லை.

சர்க்கரை ஆலையில் முப்பது ஆண்டுகள் கரும்புச் சக்கைத் தூசியைச் சுவாசித்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டு எங்களோடு இருந்த சவரியப்பன், மூச்சிரைக்க இரைக்கக் கேட்டார்: "பேரனா பேத்தியா மேரி?"

"பேரன்."

"என்னாட்டம் இருக்கானா?"

"உங்களாட்டம் இருந்தா தொட்டில்ல கெடந்தே என்னைத் திட்டிக்கினு இருப்பான்."

சிரித்துவிட்டுக் கழுவறைப் பக்கம் போன ஆனந்தமேரி திரும்பிவர நெடுநேரம் ஆயிற்று.

ஆகஸ்டு மாதம் நூற்றைம்பதாவது நாள் வந்தது. தொற்று வராததைக் கொண்டாடுவதற்குக் கூட்டம் திரட்டும் அறிவு உலகில் வேறெங்கேனும் உண்டா என்பது தெரியாது. எங்கள் பக்கத்தில் உண்டு. இரண்டு வேன்கள், ஒலிபெருக்கி, படம்பிடிப்பவர் ஒருவர், சிறப்பு விருந்தினர் ஒருவர், ஆக முப்பது பேர் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய முகக்கவசங்கள் தாடைகளைக் கண்ணும் கருத்துமாகக் காத்துக்கொண்டிருந்தன. உள்ளே வந்து எங்கள் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்திப் படம் எடுப்பது திட்டம்.

ஆனந்தமேரி கதவுக்கு ஐந்தடி தள்ளி நின்றார். சாவி இடுப்பில் இருந்தது.

"தொற மேரி. சீஃப் கெஸ்ட் வெயில்ல நிக்கறாரு."

"முடியாதுங்க சார்."

"இன்னாது?"

"போப்பாண்டவரே வந்தாலும் தொறக்கக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"அது மத்தவங்களுக்குச் சொன்னது! நான் செகரட்டரி!"

"நீங்க போப்பாண்டவரவிடப் பெரியவருங்களா சார்?"

தாழ்வாரத்திலிருந்து சவரியப்பன் குரல் கொடுத்தார். "எப்ப பட்டம் சூட்டுனாங்கன்னு கேளு மேரி! நமக்கெல்லாம் பத்திரிகையே வைக்கல!" இருமல் அவரைப் பிடித்து உட்கார வைத்தது.

செயலாளரின் முகம் சிவந்தது. "வாய் ஜாஸ்தியாயிடுச்சு உனக்கு. வேலை இருக்காது, பாத்துக்க."

"எடுத்துக்கோங்க சார். எம் பொண்ணு தலைப்பிரசவத்துக்குக் கூப்ட்டா. ரூல்னா ரூலுன்னீங்க, போவல. இன்னிவரைக்கும் அவ எங்கூடப் பேசல. இப்ப ஒரு சால்வைக்காகக் கேட்டைத் தொறந்துட்டா, அவகிட்ட நான் இன்னா சொல்றது?"

ஒலிபெருக்கிக்காரர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். படம்பிடிப்பவர் மட்டும் தம் வேலையை நிறுத்தவில்லை.

ஆனாலும், கொண்டுவந்த பொன்னாடையைப் போர்த்தாமல் திரும்புவது எங்கள் பக்கத்துப் பெரிய மனிதர்களுக்கு வழக்கமில்லை. ஆனந்தமேரி உள்ளே போய், முருங்கைக்காய் பறிக்கும் துறட்டிக்கோலைக் கொண்டுவந்து வாயிற்கதவுக்கு மேலே நீட்டினார். "இதுல மாட்டி வுடுங்க சார், நான் எடுத்துக்கறேன்." சிறப்பு விருந்தினர் சற்றும் கூசாமல் மாட்டினார், மாட்டும்போது படக்கருவியைப் பார்த்துப் புன்னகைக்கவும் செய்தார். சரிகைக் கரையிட்ட அந்தப் பொன்னாடை, கழுவேறிய கோழிபோல் தொங்கியபடி உள்ளே வந்தது. ஆனந்தமேரி அதை எல்லோர் முன்னிலையிலும் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கினார். பிறகு அதைத் தரை துடைக்கப் பயன்படுத்திப் பார்த்தோம். ஈரத்தை உறிஞ்சவில்லை.

விழா சாலையோரத்திலேயே நடந்தது. எங்கள் பாதுகாப்பைப் பற்றி ஐந்து பேர் ஒரே ஒலிவாங்கியை வாயோடு ஒட்டிவைத்துப் பேசினார்கள். பிறகு கூட்டமாக அமர்ந்து பிரியாணி உண்டார்கள். பத்து நாளுக்குள் அவர்களில் ஒன்பது பேருக்குத் தொற்று. செயலாளரும் அவர்களில் ஒருவர். குணமாகி எழுந்ததும் அவர் முதலில் எழுதிய கடிதம், ஆனந்தமேரியை வேலையிலிருந்து நீக்கும் ஆணை. காரணம்: கீழ்ப்படியாமை. அவர் இட்ட ஆணைக்கு அந்த ஆண்டு முழுவதும் கீழ்ப்படிந்த ஒரே ஆள் ஆனந்தமேரிதான்.

சாவியைக் கொடுத்துவிட்டு அவர் நைனார்பாளையத்துக்குப் போனார். அவருக்கு முன்பே விழாக் காணொளி வாட்ஸ்அப் வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருந்தது; தாய் பேசிய ஒவ்வொரு சொல்லையும் பிரின்சி கேட்டிருந்தாள். வாசலில் நின்றவரிடம், "கையக் கழுவிக்கினு வந்து தூக்கு" என்று மட்டும் சொன்னாளாம்.

புதிய காவலாளி ஒருவர் வந்தார். எந்த வண்டி ஒலி எழுப்பினாலும் எழுந்தோடிக் கதவைத் திறந்தார். நற்பணி மன்றம் வந்தது. பிறந்தநாள் கேக்கு வந்தது. மறு ஆண்டு மே மாதம் தொற்றும் வந்தது. எங்களில் நால்வர் போனார்கள். முதலில் போனவர் சவரியப்பன். பழைய தட்டிக்குக் கீழே கண்ணீர் அஞ்சலித் தட்டி ஒன்று கட்டப்பட்டது. அதில் செயலாளரின் படம் பெரிது. இறந்தவர்களின் படங்கள்தாம் இப்போது வட்டங்களுக்குள் இருந்தன.

சவரியப்பனின் முப்பதாம் நாள் பூசைக்கு ஆனந்தமேரி பிரின்சியின் ஸ்கூட்டரில் வந்தார். பேரன் இடுப்பில் இருந்தான். கதவு பூட்டியிருந்தது.

"வெளியாளுங்கள வுடக்கூடாதுன்னு செகரட்டரி ஆர்டரு" என்றார் காவலாளி. "அதுலயும் உங்கள வுடவே கூடாதாம்."

ஆனந்தமேரி கம்பிக்குள் கைவிட்டுப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அது சரியாகத்தான் பூட்டியிருந்தது.

"இப்பவாவது பூட்டத் தெரிஞ்சுதே" என்று சொல்லிவிட்டு, எங்களைப் பார்த்துக் கையசைத்தார். பிரின்சி வண்டியைத் திருப்பினாள்.