திசைகாட்டியை வலம் சுற்றிய கம்பி

முப்பத்தெட்டாம் ஆண்டு வைகாசி மாதம். நெல்லியடியில் மோட்டார்க் காருக்கு விளக்குப் பூட்டிப் பிழைக்கிறவனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் தங்கச்சியின் புருஷன் சின்னராசா ஒரு பாய்த்தோணியில் கடலோடுகிறவன். அந்தத் தோணி இரண்டு நாளில் நாகபட்டினத்துக்குப் புறப்பட இருந்தது. "எண்ணெய் விளக்கு காத்துக்கு நிக்குதில்லை மச்சான், இருட்டினால் திசைகாட்டியைப் பாக்கேலாது. உன்ரை கார் விளக்கு ஒண்டைப் பூட்டித் தா" என்று காலில் விழாத குறையாகக் கேட்டான். தோணியில் மின்சாரம் வைக்க நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். என் மானம் போனால் போகட்டும்.

காலை ஏழு மணி பஸ். தோணி நின்ற தொண்டைமானாற்றுக்கு ஆறு மைல், பதினைந்து சதம். மடியில் ஆறு வோல்ட் பற்றறி. "உதுக்கும் ஒரு டிக்கற் எடும்" என்றான் கொண்டக்டர். "உது இருக்கையிலையோ இருக்குது, என்ரை மடியிலையெல்லோ" என்று எகிறினேன். விட்டுவிட்டான்.

தோணியின் தலைவர் ஆறுமுகம் தண்டையலுக்கு என் விளக்கில் துளியும் நம்பிக்கையில்லை. இருந்தாலும் வேலை முடியும்வரை பக்கத்திலேயே நின்றார். காரில் ஒரு கம்பி போதும், இரும்பு உடம்பே மற்றக் கம்பி. மரத்தோணியில் போக ஒன்று, திரும்ப ஒன்று வேண்டும். திரும்புகிற கம்பியை நேரே இழுத்துவிட்டேன். போகிற கம்பியில் நாலு முழம் மிஞ்சியது. வெட்டக் கத்தியை எடுத்தேன்.

"வெட்டாதையும் தம்பி. புதுச்சாமான் தோணிக்கு வந்தால் மூண்டு தரம் வலம் வரவேணும். உதைத் திசைகாட்டிப் பெட்டியைச் சுத்திக் கட்டும்" என்றார் தண்டையல்.

நல்ல கம்பியை வெட்ட எனக்கும் மனமில்லை. வலமாக மூன்று சுற்றுச் சுற்றி ஆணியடித்தேன். பார்க்கவும் வடிவாக இருந்தது. விளக்கைக் கொளுத்திப் பார்த்தோம். முள் அசையவில்லை. பெருமையில் எனக்குத் தலைகால் தெரியவில்லை.

மாலை நாலரைக்கு வெள்ளோட்டம். தென்மேற்கிலிருந்து அடித்த சோளகக் காற்றில் தோணி வலப்பக்கம் சாய்ந்து, வடக்கே ஆறு மைல் ஓடியது. கடல் ஒத்துக்கொள்ளாமல் நான் இரண்டு தரம் சத்தி எடுத்தேன். ஏழு மணிக்கு வானத்தில் வடக்கு வெள்ளி, அதுதான் துருவ நட்சத்திரம், தெரிந்தது. விளக்கைக் கொளுத்தினேன்.

திசைகாட்டி முள் மேற்கே ஒரு விரலகலம் விலகி நின்றது.

"வெள்ளி அங்கை நிக்குது, உம்மடை முள்ளு இங்கை நிக்குது. ஆர் பொய் சொல்லுறது?" என்றார் தண்டையல்.

அணைத்தேன், முள் திரும்பி வந்தது. கொளுத்தினேன், போனது. இரும்புதான் முள்ளை இழுக்கிறதாக்கும் என்று எல்லாருடைய கத்திகளையும் பறித்து முன்பக்கம் அனுப்பினேன். அப்போதும் போனது. மேற்கே அவ்வளவு விலகி ஓடினால் நாகபட்டினம் இல்லை, கோடிக்கரை மணல்தான். சின்னராசா என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தங்கச்சிக்கு அப்போது ஆறு மாதம்.

தோணியைத் திருப்பத் தண்டையல் பாயைத் தளர்த்தினார். தோணி நிமிர்ந்தது. விளக்கு எரிந்தபடி இருக்க, முள் மெல்ல வடக்குக்கு வந்தது!

அட மடையா என்று என்னையே ஏசினேன். மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றினால் அது காந்தம். கார்க்காரனுக்கு இது தெரியாதா? திசைகாட்டி வளையங்களில் தொங்குகிறது, தோணி சாய்ந்தாலும் அது மட்டமாகவே நிற்கும். என் சுற்றோ தோணியோடு சேர்ந்து சாயும், சாய்ந்தால் முள்ளைப் பக்கமாக இழுக்கும். கரையில் தோணி நிமிர்ந்து நின்றதால் ஒன்றும் தெரியவில்லை.

"அண்ணை, சுத்தின கம்பியை அவிழ்க்க வேணும்."

அவர் குனிந்து சுற்றுகளைத் தடவிப் பார்த்தார். வலம் வந்ததைத் திருப்பி அவிழ்ப்பது அபசகுனம் என்று அங்கே நின்ற ஏழு பேருக்கும் தெரியும். கடைசியில், "அவிழ்க்க வேண்டாம். வெட்டும்" என்றார்.

வெட்டினேன். போகிற கம்பியையும் வருகிற கம்பியையும் சேர்த்துச் சின்னராசா கயிறு திரிப்பதுபோல் முறுக்கித் தந்தான். ஒன்றின் இழுப்பை மற்றது அழித்துவிடும். மறுபடி பாயை இறுக்கினார்கள். தோணி சாய்ந்தது. விளக்கைக் கொளுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஓம், நிக்குது. வெள்ளிக்கு நேரை நிக்குது" என்றார் தண்டையல். எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

விடிய ஆறு மணிக்கு, தண்டையல் திசைகாட்டிப் பெட்டியைக் கையில் ஏந்தி, செல்வச் சந்நிதி முருகன் கோயிலை மூன்று தரம் வலம் வந்தார். பின்னால் நானும் சுற்றினேன். ஏழரைக்குத் தோணி போனது. மூன்றாம் நாள் தந்தி வந்தது: "சேர்ந்தோம். விளக்கு நல்லது." தங்கச்சி அதை வாசித்துவிட்டு, "ஏன் அண்ணை, நல்லதில்லாமல் பின்னை?" என்று கேட்டாள். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

நீங்களும் பூட்டுவதென்றால், இரு கம்பிகளையும் முறுக்கியே கொண்டுபோங்கள். மிச்சக் கம்பியை யோசிக்காமல் வெட்டுங்கள். கரையில் பார்த்தது போதாது, பாய் விரித்துத் தோணி சாயும்போது விளக்கைக் கொளுத்திப் பாருங்கள். வலம் வர வேண்டுமா, தாராளமாக வாருங்கள். ஆனால் உங்கள் காலால் வாருங்கள்.