மாத்திரைக்கும் கண்ணீருக்கும் நடுவில்

"தலைக்குக் கரண்டு வைக்க நான் வுட மாட்டேன்!"

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் நின்று என் மனைவி ராஜாமணி சத்தம் போட்டாள். பக்கத்துப் பெஞ்சில் நான். அதற்குள் என் தலையில் பசை தடவி நாலைந்து கம்பிகளை ஒட்டியிருந்தார்கள். புத்தி பேதலித்தவர்களுக்குத்தான் கரண்டு வைப்பார்கள் என்பது எங்கள் அரியலூர்ப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சேதி.

டெக்னீஷியன் பொறுமைசாலி. "நாங்க கரண்டு வைக்கலம்மா. அவர் தலையில ஏற்கெனவே இருக்கிற கரண்டத்தான் எடுக்கப் போறோம்."

"இருக்கறதையும் எடுத்துட்டா மனுசன் என்னத்துக்கு ஆவாரு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் முகத்துக்கு வரவில்லை. அதுதான் என் நோய்.

அது எண்பதுகளின் தொடக்கம். அரியலூர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தாவாக இருந்தேன். அட்டை டிக்கெட்டைத் தேதி குத்தும் இயந்திரத்தில் சொருகும்போது வலது கை பின்தங்க ஆரம்பித்தது. கையெழுத்து பொடிப்பொடியாகச் சுருங்கியது. வரிசையில் நின்றவர்கள், "காசு குடுத்துத்தான டிக்கெட்டு கேக்குறோம், எதுக்குய்யா மொறைக்கிற?" என்று சண்டைக்கு வந்தார்கள். நான் யாரையும் முறைக்கவில்லை. முகத்தசை இறுகிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

பார்க்கின்சன் நோய் (மூளையில் ஒரு ரசாயனம் குறைந்து நடையும் அசைவும் தடைப்படும் நோய்) என்று திருச்சி டாக்டர் சொன்னார். அந்த ரசாயனத்தின் பெயர் டோபமின் (மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கொண்டுபோவது). அதை ஈடுகட்ட மாத்திரை கொடுத்தார். விழுங்கிச் சற்று நேரத்தில் கைகால் விடுபடும். அடுத்த வேளை நெருங்கும்போது மறுபடி கட்டிக்கொள்ளும்.

அப்படிக் கட்டிக்கொண்ட ஒரு நேரத்தில்தான் உடையார்பாளையத்திலிருந்து என் ஒரே மகள் வசந்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட ஆசிரியர், நல்ல இடம். கைகூப்பி "வாங்க" என்றேன். முகம் கூடவரவில்லை. அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. ஆனால் கிளம்பும்போது, "பொண்ணோட அப்பாவுக்கு இஷ்டமில்ல போலருக்கே" என்று ஒருவர் முணுமுணுத்தது எல்லோர் காதிலும் விழுந்தது.

அன்று சாயங்காலம் வசந்தி என் முன்னால் வந்து நின்றாள். "நான் எங்க போனா என்னன்னுதான் இருக்கீங்களாப்பா?"

"இல்லம்மா" என்றேன். ரயில் நேரம் அறிவிப்பதுபோல் ஒரே சுரத்தில் வந்தது குரல். அவள் உள்ளே போய்விட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. வெளியே தெரியாவிட்டால் தொலைகிறது, பாசம் உள்ளேயே வற்றிக்கொண்டு வருகிறதோ? மகளுக்குக் கல்யாணம் கூடிவருகிறது என்றால் ஒரு தகப்பனுக்கு நெஞ்சு நிறைய வேண்டாமா? மாத்திரையின் வேகம் இறங்கும் நேரங்களில் எனக்கு எதுவுமே நிறையவில்லை. இதை ராஜாமணியிடம்கூடச் சொல்லவில்லை. பயமாக இருந்தது.

திருச்சி டாக்டரிடம்தான் சொன்னேன். அவர் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். வீட்டு ஆட்களின் போட்டோ ஒன்றும் கொண்டுவரச் சென்னையில் சொன்னார்கள்.

ராஜாமணியை ஒருவழியாகச் சமாதானப்படுத்திவிட்டு என்னை இருட்டறைக்குள் உட்கார வைத்தார்கள். திரையில் படங்கள் வந்தன. நாற்காலி, குடை, அழுகிற குழந்தை, கவிழ்ந்த பஸ், நடுவில் வசந்தி. ஒவ்வொரு படத்தையும் பார்த்ததும் மூளையில் எழும் மின்அலையை அந்தக் கம்பிகள் எடுத்துக் காகிதத்தில் கோடாகப் போட்டன. முதல் தடவை மாத்திரை போடாமல், இரண்டாவது தடவை போட்டபிறகு.

அங்கிருந்த டாக்டரம்மா இரண்டு காகிதங்களையும் அருகருகே விரித்தார். மாத்திரை இல்லாத காகிதத்தில் நாற்காலிக்கும் வசந்திக்கும் பெரிய வித்தியாசமில்லை. மாத்திரை போட்டபிறகு எடுத்ததில் வசந்திக்கு மட்டும் அலை ஓங்கி எழுந்திருந்தது.

"அப்ப எம் பொண்ணு மேல இருக்கற பாசம் இந்த மாத்திரையிலதான் இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்லக் கூடாது. ஒருத்தரோட கோட்ட மட்டும் வச்சு எதையும் முடிவு கட்ட முடியாது. ரேடியோவுல சத்தம் கொறஞ்சா பாடுறவங்க இல்லன்னு ஆயிடுமா?"

"சத்தம் கொறஞ்சா கேக்குறவங்களுக்குக் கேக்காதுங்களே."

அவர் காகிதங்களைச் சுருட்டினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அது மாத்திரை போட்டிருந்த நேரம்.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பயத்தில் நான் மாத்திரையை இஷ்டத்துக்குக் கூட்டிப் போட்டுப் பார்த்தேன். கைகால் தானாக முறுக்கிக்கொண்டு துள்ளியதுதான் மிச்சம். டாக்டரைக் கேட்காமல் அளவை மாற்றாதீர்கள்.

கல்யாணம் அரியலூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டும்போது நான் நன்றாக இருந்தேன், போட்டோவில் சிரித்திருக்கிறேன். அதன்பிறகு சம்பந்தி வீட்டார் எடுத்துக் கொடுத்த புதுச் சட்டையை உடனே போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். கழற்றிய சட்டையை யாரோ மூட்டையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாத்திரை அதன் பையில் இருந்தது.

கால் தரையோடு ஒட்ட ஆரம்பித்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. ராஜாமணியின் தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். அதற்குள் சம்பந்தியம்மா, "ராகுகாலம் வர்றதுக்குள்ள கெளம்பிடணும்ங்க" என்று அவசரப்படுத்தினார். வாசலில் கார் உறுமிக்கொண்டிருந்தது. தெருமுனையில் சைக்கிளைக் காணோம்.

வசந்தி காலில் விழுந்தாள். என் கை எழவில்லை. ராஜாமணிதான் அதைத் தூக்கி அவள் தலையில் வைத்தாள். எழுந்து என் முகத்தைப் பார்த்தாள் வசந்தி. ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றுமில்லை. உள்ளே இருந்ததா என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், மிகக் கொஞ்சமாக இருந்தது. கார் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் சைக்கிள் வந்தது. மாத்திரையை விழுங்கிவிட்டு எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்த பந்தியில் உட்கார்ந்தேன். முதலில் விரல் நடுக்கம் அடங்கியது. பாதம் தரையை விட்டது. பிறகு அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. வாய்விட்டு அழுதேன். இலை எடுத்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "பொண்ணு போயி எவ்ளோ நேரமாச்சு, இப்ப அழுவுறாரு பாரு" என்றார் ஒருவர்.

ராஜாமணி ஆறுதல் சொல்லவில்லை. "எந்திரிங்க" என்றாள்.

"எங்க?"

"உடையார்பாளையம். இது நிக்கறதுக்குள்ள போயிடணும்."

"பொண்ணு போன அன்னைக்கே பின்னாடியே போய் நின்னா என்ன சொல்லுவாங்க? மறுவீட்டுக்குத்தான் அவங்களே வராங்கல்ல."

"சொல்றவங்க சொல்லட்டும். மறுவீட்டுக்கு வரப்ப இந்த மூஞ்சி இருக்குமா?"

பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று ஆள் ஏற்றியது. என் அழுகை கொஞ்சம் அடங்கினால், வசந்தி பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்று என் வேட்டியை விடாமல் பிடித்துக்கொண்டதை ராஜாமணி எடுத்துவிடுவாள். மறுபடி பொங்கும். கண்டக்டர் டிக்கெட் கிழித்துவிட்டு, "சாவுக்குங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கல்யாணத்துக்கு" என்றாள் ராஜாமணி.

உடம்பு எனக்குச் சொந்தம் என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அது வேளைக்கு வேளை இரவலாகக் கிடைக்கிறது. கிடைக்கிற நேரத்தில் செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும், நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

வாசலில் எங்களைக் கண்டதும் சம்பந்தியம்மா பதறிப்போனார். "என்னங்க ஆச்சு?" அவருக்குப் பின்னால் வசந்தி, தலையில் பூ வாடாமல். என் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"அப்பா... அழுவுறீங்களா?"

"ஆமாம்மா. இப்பத்தான் வந்துச்சு."

அவள் படியிறங்கி வந்து என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மாத்திரையின் வேகம் இறங்கி, அந்த முகம் மறுபடி இறுகியபிறகும் கையை எடுக்கவில்லை.