புளியும் செங்கல் பொடியும்

எங்கள் ஆய்வகத்தில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி இதோ கிளம்புது என்று கண்டக்டர் சொன்னாலும், டிரைவர் ஏறி உட்காரும்வரை நான் நம்ப மாட்டேன். அப்படிப்பட்ட என்னிடம், என் அளவீடுகளை வைத்து அக்கா போட்ட வரைபடத்தைக் காட்டிச் சந்தோஷப்படச் சொன்னார்கள்.

அக்கா எனக்கு ஆய்வகத்தில் சீனியர். மயிலாடுதுறைக்காரி, லுத்தரன் கிறிஸ்தவ வீட்டுப் பெண். தாமிரத்தை ஆவியாக்கி மெல்லிய படலம் செய்வது அவள் வேலை. அதைக் குளிரவைத்து அளப்பது என் வேலை. படலத்துக்குள் அணுக்கள் தாறுமாறாகக் கிடக்கும். எலக்ட்ரான் அவற்றில் மோதி மோதித்தான் போகும். கும்பகோணம் கடைத்தெருவில் இடிபட்டுக்கொண்டே போகிறவர் வந்த காரியத்தை மறப்பதில்லை அல்லவா? எலக்ட்ரானும் வெறும் மோதலால் தன் அலையின் ஒத்திசைவை இழப்பதில்லை. குளிரக் குளிர அந்த ஒத்திசைவு இன்னும் அதிக நேரம் நிலைக்க வேண்டும். அக்காவின் படலங்களில் அந்த நேரம் ஓர் அளவுக்குமேல் நீளவே இல்லை. வரைபடத்தில் கோடு படுத்துவிட்டது. எங்கள் வழிகாட்டியான மேடம், இது புது இயற்பியல் என்றார். அக்காவின் ஆய்வேடு முழுக்க அந்தக் கோட்டை நம்பித்தான் இருந்தது. வெளிநாட்டில் கிடைத்திருந்த வேலையும்தான்.

எனக்கு அந்தக் கோடு பிடிக்கவில்லை. துளி இரும்பு கலந்திருந்தாலும் இதே கோடு வரும். இரும்பு அணுவுக்குக் காந்தக் குணம் உண்டு. எலக்ட்ரானை நிறுத்திவைத்து ஊர்க்கதை பேசி, வந்த காரியத்தையே மறக்கடித்துவிடும். கம்பிகளைச் சோதித்தேன், இடுக்கியை மாற்றினேன், அக்கா கத்தரிக்கோலைத் தொட்டால்கூட முறைத்தேன்.

"என்னடி, போலீஸ் வேலைக்குப் போகப்போறியா?" என்று சிரித்தாள்.

ஒன்றும் அகப்படவில்லை. எரிச்சல்தான் மிச்சம்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மதியம், அக்கா குழாயடியில் உட்கார்ந்து எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புளி, செங்கல் பொடி. கையில் படலம் செய்ய வைத்திருந்த சுத்தத் தாமிரத் துண்டுகள்.

"மேடம் சாமிகிட்ட வைப்பாங்க. கறுத்துக் கிடக்கு, பளபளன்னு இருக்கட்டுமே. நான் பூஜையில உட்காரமாட்டேன், இதையாவது செய்யறேன். போன வருஷமும் நான்தான் தேய்ச்சேன்."

போன வருஷம் தேய்த்த துண்டுகளில்தான் அத்தனை படலங்களும் செய்தாள். செங்கல்லின் சிவப்பே இரும்புதான். எவ்வளவு கழுவினாலும் துளி ஒட்டியிருக்கும். நான் வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

அவள் கையைக் கழுவிக்கொண்டாள். பிரிக்காத பொட்டலத்திலிருந்து தாமிரம் எடுத்துப் புதுப் படலம் செய்து தந்தாள். நான் குளிரவைக்க ஆரம்பிப்பதற்குள், வேலை தருவதாக இருந்தவர்களுக்குத் தன் முடிவு தப்பு என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

"அளந்து பார்க்கறதுக்குள்ள என்ன அவசரம்? நான் சொன்னது தப்பா இருந்தா?" என்று கத்தினேன்.

"நீ சொன்னா எல்லாம் பார்த்துட்டுத்தான் சொல்லியிருப்பே."

புதுப் படலத்தை அளந்தபோது கோடு படுக்கவில்லை, குளிரக் குளிர ஏறிக்கொண்டே போனது. நான் சொன்னது சரிதான். இத்தனை நாளும் அவள் கையையே நான் கண்காணித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒருநாள்கூட என் கையைத் திரும்பிப் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.