சக்கரத்துக்கு இடது கை தெரியாது

கான்டிடா அபாய்கர், ஊருக்கு மேம் டிடாங், எனக்குப் பெரியம்மா மகள் டிடாங் அக்கா, இருபத்தாறு வருடமாக எங்கள் தீவுப் பள்ளியில் முதல்நிலை ஆசிரியை. முதல்நிலை என்றதும் உச்சியில் இருப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் கல்வித் துறையில் ஒன்று என்பது அடிப்படி. அதற்கு மேல் இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போகும். அக்காவுக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஏறிப் போனார்கள். அவரிடம் நான்காம் வகுப்பு படித்த ஜோல்மார், ஏறியே போய் இப்போது அதே பள்ளியில் தலைமை ஆசிரியராக உட்கார்ந்திருக்கிறான். அக்கா மட்டும் ஒன்றிலேயே நின்றார்.

தகுதிக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. பெருந்தொற்றுக் காலத்தில் அவர் வாங்கிக் குவித்த இணையவழிச் சான்றிதழ்களை அச்சடித்து ஒட்டினால் வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் தேவையில்லை. ‘செயற்கை நுண்ணறிவும் நானும்’ என்று ஒன்று உண்டு. அந்தக் கருத்தரங்கு நடந்த பகல் முழுவதும் கைபேசியை மேசையில் பேசவிட்டுவிட்டு, அக்கா கொல்லையில் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தார். வருகையைப் பதிவு செய்யச் சொன்னபோது மட்டும் கை கழுவிவிட்டு வந்தார். மற்ற ஆசிரியைகள் கையைக்கூடக் கழுவவில்லை என்று கேள்வி.

அவரைக் கவிழ்த்தது ஒரே ஒரு கட்டம்தான். ஆண்டுதோறும் மாவட்டத்திலிருந்து மேற்பார்வையாளர் வந்து வகுப்பின் கடைசியில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். ‘மின்னணுக் கருவிகளைக் கற்பித்தலில் இணைத்தல்’ என்ற கட்டத்தில் அக்காவுக்கு வருடம் தவறாமல் சொற்ப மதிப்பெண். பள்ளியில் கருவி இல்லாமல் இல்லை. துறை கொடுத்த பெரிய டிவி ஒன்று இருந்தது. பழுதானால் அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர்தான் ஈடுகட்ட வேண்டும் என்று விதி. எனவே கையெழுத்துப் போட்ட அக்கா, அதற்கு லேஸ் துணியில் உறை தைத்து மாட்டி, பக்கத்தில் குழந்தை இயேசுவைக் காவலுக்கு வைத்து, பிள்ளைகள் மூச்சுக்காற்று படாத தூரத்தில் பாதுகாத்து வந்தார். எங்கள் தீவில் மிகவும் ஒழுக்கமாக வாழ்ந்த பொருள் அதுதான்.

கப்பல்களிலும் பிறநாட்டு ஓட்டல்களிலும் பல வருடம் சுற்றிவிட்டு நான் ஊர் திரும்பியபோது, இரண்டாம் நிலையில் ஓரிடம் காலியாகியிருந்தது. அக்கா ஓய்வு பெறுவதற்குள் இன்னொன்று காலியாகும் என்று யாரும் நம்பவில்லை. இந்த முறை அந்தக் கட்டத்தில் முழு மதிப்பெண் வேண்டும். இல்லையென்றால் ஒன்றாம் நிலையிலேயே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“நீ வெளிநாடெல்லாம் போனவ. கம்ப்யூட்டர் உனக்குத் தெரியாமயா இருக்கும்?” என்றார் அக்கா.

நான் கப்பலில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை பார்த்தவள். ஆனால் விமானம் ஏறியவளுக்குக் கணினி தெரியும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அதை மறுக்கப் போனால் வேறு பல நம்பிக்கைகளையும் மறுக்க வேண்டிவரும். சரி என்றேன்.

திட்டம் போட்டது ஜோல்மார். பள்ளி விட்ட பிறகு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அக்காவின் வகுப்புக்கு வந்தான். திரையில் வண்ண வண்ணமாக ஒரு சக்கரம். சுற்றினால் ஏதாவது ஒரு பிள்ளையின் பெயரில் நிற்கும்.

“கேள்வி கேட்டதும் நீங்க யாரையும் கூப்பிட வேணாம், மேம். சக்கரமே கூப்பிடும். ஊடாடும் கற்றல். கட்டத்துக்கு முழு மார்க்.”

அக்கா சக்கரத்தைச் சந்தேகத்தோடு பார்த்தார். “இதுக்கு வலது கை, இடது கை தெரியுமா?”

இந்த ஒரு கேள்விதான் அந்த வாரம் எங்கள் பள்ளியில் கேட்கப்பட்ட அறிவுள்ள கேள்வி. மேற்பார்வையாளர் வரும் நாளில் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு பிள்ளை விடாமல் கை தூக்கும். விடை தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. ஆசிரியை வலது கையாகப் பார்த்துக் கூப்பிடுவார். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு வகுப்பே அறிவில் பொங்கி வழிவதாகத் தெரியும். இதற்கு மட்டும் எந்தக் கருத்தரங்கிலும் சான்றிதழ் தரவில்லை. எல்லா ஆசிரியர்களுக்கும் தானாகத் தெரியும்.

“அது மெஷின், மேம். பாரபட்சமே பாக்காது,” என்றான் ஜோல்மார்.

“அதுதாண்டா பயம். சூபர்வைசர் வந்தன்னிக்கு கேள்விக்குக் கேள்வி இடது கையத் தூக்கினவன் நீ. உன்ன ஒரு தடவை கூப்பிட்டிருந்தேன்னா இன்னிக்கு இந்த நாற்காலியில உக்காந்திருப்பியா?”

ஜோல்மாருக்கு முகம் கறுத்தது. தலைமை ஆசிரியரை ‘டா’ போடும் உரிமை மாலை மணிக்குப் பிறகுதான் அக்காவுக்கு உண்டு. மணியோ அடித்து வெகு நேரமாகியிருந்தது.

கடைசியில் வழியை அவனே கண்டுபிடித்தான். சக்கரத்திலிருந்து இடது கைப் பிள்ளைகளின் பெயர்களை எடுத்துவிட்டால் தீர்ந்தது. எடுத்தோம். பாதி வகுப்பு காணாமல் போனது. மிஞ்சிய பெயர்களோடு சக்கரம் எங்கே நின்றாலும் ஒரு கெட்டிக்காரப் பிள்ளையில்தான் நிற்கும்.

“இப்ப சரி. இப்பத்தான் இது வாத்தியார் மாதிரி யோசிக்குது,” என்றார் அக்கா.

மேற்பார்வையாளர் டாக்டர் தியோஃபிஸ்டா லாக்ரிமாஸ், காலைப் படகில் வந்து இறங்கினார். வரவேற்பு ஃப்ளெக்ஸ் பேனரைப் படகுத்துறையில் ஒன்று, பள்ளி வாசலில் ஒன்று, வகுப்பில் ஒன்று என்று கட்டியிருந்தோம். மூன்றிலும் இடது ஓரத்தில் அவருடைய முகம், நன்றாக வெளுப்பாக்கப்பட்டு, காதில் முத்துத் தோட்டோடு. வகுப்புப் பேனரைக் கரும்பலகையை மறைத்துக் கட்டச் சொன்னது ஜோல்மார். டிஜிட்டல் வகுப்பில் சாக்பீஸ் தூள் தெரியக்கூடாதாம். டாக்டருக்காக மரவள்ளிக்கிழங்கு கேக்கும் பன்சித் நூடுல்ஸும் காத்திருந்தன. டிவி, வாழ்க்கையில் முதன்முறையாக உறையைக் கழற்றிவிட்டு, மடிக்கணினியின் படத்தைக் காட்ட, கூச்சத்தோடு நின்றது.

என் வேலை, சன்னலோரம் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பது. மடிக்கணினிக்கு இணையம் அதிலிருந்துதான் போக வேண்டும். சக்கரத்துக்கு இணையம் தேவையே இல்லை. ஆனால் திரை மூலையில் சிக்னல் கோடுகள் தெரிந்தால் டாக்டருக்கு மதிப்பு கூடும் என்று ஜோல்மார் நினைத்தான். எப்படியும் வராது என்ற நம்பிக்கையில் நானும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வணக்கம் ஆயிற்று, ஜெபம் ஆயிற்று, கைதட்டலோடு ஒரு பாட்டும் ஆயிற்று. அக்கா புதுச் சீருடையில், நெற்றி வியர்க்க, கேள்வியைக் கேட்டார்.

“மூன்றில் ஒரு பங்கு பெருசா, நான்கில் ஒரு பங்கு பெருசா? யாருக்குத் தெரியும்?”

வகுப்பே கை தூக்கியது. காடு மாதிரிக் கைகள். டாக்டர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எதையோ எழுதினார். ஜோல்மார் சக்கரத்தைத் தட்டிவிட்டான்.

அந்த நேரம் பார்த்து இணையம் வந்தது. புயல் எச்சரிக்கைக்கு வராத இணையம், அம்மாவுக்கு நான் பணம் அனுப்பும்போதெல்லாம் வராத இணையம், நான்கு கோடுகளோடு வந்து நின்றது. மடிக்கணினி மகிழ்ச்சியோடு ஒரு சத்தம் போட்டு, எங்கோ சேமித்து வைத்திருந்த முழு வகுப்புப் பட்டியலை இறக்கிக்கொண்டது. நாங்கள் எடுத்த பெயர்கள் எல்லாம் சக்கரத்தில் திரும்ப ஏறிவிட்டன. சக்கரம் சுற்றி, பட்டாசு வெடிக்கும் சத்தத்தோடு நின்றது.

ஜெனெலின்.

நண்டு பிடிக்கிறவர் மகள் ஜெனெலின், தூக்கிய இடது கையை இறக்காமலே எழுந்தாள். திரையைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். அநியாயம் இழைக்கப்பட்ட குரலில் சொன்னாள்:

“மேம், நான் இடது கைதானே தூக்கியிருக்கேன்!”

நான் கைபேசியைக் கீழே இறக்கினேன். அதனால் ஒரு பயனும் இல்லை.

டாக்டர் பேனாவை நிறுத்தினார். “இடது கைன்னா என்னம்மா?”

“தெரியாதுன்னு அர்த்தம், மேம்.”

“வலது கை?”

“தெரியும்னு அர்த்தம்!” வகுப்பு முழுவதும் கோரஸாக உதவிக்கு வந்தது. ஒத்திகை பார்த்த எந்தப் பதிலையும் அவர்கள் இவ்வளவு ஒற்றுமையாகச் சொல்லவில்லை. முன்வரிசைப் பையன் ஒருவன் கூடுதல் தகவலும் தந்தான். “இடது கைன்னா கூப்பிட மாட்டாங்க, மேம். சும்மா தூக்கினாப் போதும்.”

அக்காவின் முகத்தில் இருபத்தாறு வருடங்களும் ஒரே நேரத்தில் வந்து போயின. காலி இடம் படகேறிப் போவதை அவர் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜோல்மார் பாய்ந்தான். அவனைப் பற்றி வேறு என்ன சொன்னாலும், விடை தெரியாதபோது எழுந்து பேசும் பயிற்சி பதவி ஏற ஏற அவனுக்கு வந்திருந்தது. “இது எங்க பள்ளியோட புது முயற்சி, டாக்டர். இரு கர உடனடி மதிப்பீட்டு முறை. யாருக்குப் புரியலைங்கறத அந்த நிமிஷமே கண்டுபிடிச்சு…”

“கண்டுபிடிச்சு?”

“கண்டுபிடிச்சு… அவங்களுக்கு மறுபடி சொல்லித் தருவோம்.”

“அப்படியா. மேம் டிடாங், சொல்லிக் குடுங்க. பாக்கலாம்.”

அடுத்த படத்துக்குப் போக அக்கா பொத்தானை அழுத்தினார். வந்த வேலை முடிந்துவிட்டதால் இணையம் போய்விட்டிருந்தது. மடிக்கணினி அதைத் தேடிக்கொண்டு வட்டமிட்டபடி உறைந்து நின்றது. அக்கா இரண்டு முறை அழுத்தினார், பிறகு அதை விட்டுவிட்டுச் சாக்பீஸை எடுத்தார். கரும்பலகை பேனருக்குப் பின்னால் இருந்தது. வேகத்தில் பேனரைப் பிடித்து இழுத்தார். அது கயிற்றோடு அவிழ்ந்து அவர் கையில் வந்தது.

அக்கா பேனரைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். இனி போவதற்கு எதுவும் இல்லை என்று முடிவு செய்தவர் போல, “ஜெனெலின், இந்த முனையப் பிடி,” என்றார்.

இருவருமாக டாக்டர் லாக்ரிமாஸைத் தரையில் விரித்து மூன்றாக மடித்தார்கள். மேல்மடிப்பில் முகம் முழுதாக வந்தது, இரண்டு தோடுகளோடு. மறுபடி விரித்து நான்காக மடித்தார்கள். ஒரு காதும், தோடும், கன்னத்தில் ஒரு பகுதியும் பின்னால் போய்விட்டன. பின்வரிசைப் பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறிப் பார்த்தார்கள்.

“எதுடி பெருசு?”

“நாலுதானே பெருசு, அதனால நாலுல ஒண்ணுதான் பெருசுன்னு நெனச்சேன், மேம்,” என்றாள் ஜெனெலின். குனிந்து மடிப்பை அளந்தாள். “ஆனா மூணா மடிச்சா டாக்டர் முழுசா இருக்காங்க. நாலா மடிச்சா காதக் காணோம். மூணுல ஒண்ணுதான் பெருசு.”

“அஞ்சா மடிச்சா?” என்று கேட்டது அக்கா இல்லை, பின்னாலிருந்து டாக்டர்.

“மூக்கும் போயிடும், மேம்!”

வகுப்பு சிரித்துத் தீர்க்கும்வரை டாக்டர் காத்திருந்தார். பிறகு, “இப்ப மறுபடி கேளுங்க. யாருக்குத் தெரியும்?” என்றார். கைகள் எழுந்தன. பெரும்பாலும் வலது. நாலைந்து இடது கைகளும் இருந்தன. இந்த முறை அவற்றைப் பார்த்து யாரும் பதறவில்லை.

கேக் சாப்பிடும்போது டாக்டர் அக்காவிடம் மெதுவாகச் சொன்னார். “நான் டீச்சரா இருந்தப்ப இடது கைதான் தெரியும்னு வச்சிருந்தேன். அப்ப வந்த சூபர்வைசர் வலது கை விஷயத்த முன்னாடியே தெரிஞ்சு வச்சிருந்தாரு.”

அக்காவுக்குக் கேக் தொண்டையில் அடைத்தது. ஜோல்மார் தண்ணீர் கொடுத்தான்.

மிச்சமிருந்தது அந்தக் கட்டம். டாக்டர் பேனாவை அதன்மேல் வைத்துக்கொண்டு யோசித்தார். “டிவி நின்னுபோச்சு. சக்கரம் காட்டிக் குடுத்துச்சு. இதுல எத எழுதறது?”

“பேனரும் டிஜிட்டல்ல அடிச்சதுதான், டாக்டர்,” என்றான் ஜோல்மார்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு முழு மதிப்பெண் போட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் அறிக்கையைப் படித்த மாவட்ட அலுவலகம் ‘இரு கர உடனடி மதிப்பீட்டு முறை’யில் மயங்கிவிட்டது. மாவட்டத்து ஆசிரியர்கள் அனைவருக்கும் டிடாங் அக்கா இணையவழிக் கருத்தரங்கு நடத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. நடத்தினார். வலது கை, இடது கை என்று படம் போட்டு விளக்கினார். வருடக்கணக்காக அதையே செய்து வந்த நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் அதைக் கேட்டு, குறிப்பெடுத்து, சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள். பாதிப் பேர் அப்போது மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்திருப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு நடந்தது உறைத்தது. இனி எந்த மேற்பார்வையாளரும் கைகளை மட்டும் பார்க்கப் போவதில்லை, எந்தக் கை என்று பார்ப்பார். பக்கத்துத் தீவு ஆசிரியை ஒருவர் சந்தையில் அக்காவை மறித்தார்.

“நம்ம எல்லாரோட பொழப்புலயும் மண்ணப் போட்டுட்டீங்களே, மேம்! இனிமே இடது கைப் பிள்ளைங்கள நாங்க என்ன பண்றது?”

“சொல்லித்தான் குடுக்கணும். வேற என்ன பண்றது?” என்றார் அக்கா பரிதாபமாக. அவருக்கே அது புதிய சுமைதான். தன் வகுப்பிலும் இப்போது இடது கைகள் பயமில்லாமல் எழத் தொடங்கியிருந்தன. தினமும், மேற்பார்வையாளர் வராத நாளிலும்.

இரண்டாம் நிலை உத்தரவு மழைக்காலத்தில் வந்தது. டிவி அதற்குள் உறைக்குள் போயிருந்தது, குழந்தை இயேசுவும் காவலுக்குத் திரும்பியிருந்தார். ஜோல்மார் வழக்கம்போலப் பேனர் அடித்தான். வாழ்த்துகள், இரண்டாம்நிலை ஆசிரியை கான்டிடா அபாய்கர். இடது ஓரத்தில் அக்காவின் முகம், வெளுப்பாக்கப்பட்டு, இருபது வயது குறைக்கப்பட்டு. பள்ளி வாசலில் அதன் கீழே நின்று அக்கா என்னைப் படமெடுக்கச் சொன்னார். நான் கைபேசியைத் தூக்கினேன். படத்துக்குள் ஜெனெலின் நுழைந்தாள். பேனரின் அகலத்தைக் கையால் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள்.

“மேம், மூணாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தறாங்களாம். டாக்டர் பேனர் மடிச்சு மடிச்சுக் கிழிஞ்சுபோச்சு. உங்கள எடுத்துக்கவா?”

அக்கா தன் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். “இன்னிக்கு ஒரு நாளாவது முழுசா இருந்துக்கறேண்டி. நாளைக்கு எடுத்துக்கோ,” என்றார்.