அப்பாவின் கல்லில் எழுதிய ஊர்

அப்பா குஜிலியம்பாறைப் பக்கத்துக் காட்டுக்காரர். மானாவாரிச் சோளம், கொஞ்சம் கடலை, நாலு ஆடு. கடைசியில் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கேயே போய்ச் சேர்ந்தார். டவுன் கல்லறையிலேயே அடக்கம் செய்தோம். அவருக்கும் டவுனுக்கும் உறவு அம்புட்டுத்தான்.

கல் வைக்கும் பொறுப்பை அண்ணன் எடுத்துக்கொண்டான். டவுனில் ஆபீஸ் உத்தியோகம். அப்பா பெயருக்குக் கீழே இங்கிலீஷில் 'நேட்டிவ் ஆஃப் திண்டுக்கல்' என்று போடச் சொன்னான். நான் ஆறாவதோடு நின்றவன்.

"அப்படின்னா?" என்றேன்.

"சொந்த ஊரு திண்டுக்கல்னு அர்த்தம்."

"அவரு பொறந்தது நம்மூர்லண்ணே."

"பஸ்ஸு நிக்காத ஊரு. அத எழுதுனா யாருக்குத் தெரியும்? நாலு பேரு வந்து பாக்குற எடம்."

"கல்லறைக்கு என்ன, பொண்ணு பாக்கவா வர்றாக?"

கல்லு வெட்டுகிறவர் குனிந்து உளியைத் தேடினார். அண்ணன் சிரிக்கவில்லை. தான் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, செத்தவருக்கு டவுனில் ஊர் வாங்கிக் கொடுத்தான். மூத்தவன். விட்டுவிட்டேன்.

நவம்பரில் கல்லறைத் திருநாள். மெழுகுவத்தியோடு போனேன். வாசலில் எங்கள் ஊர்ப் பெரியவர் நின்றார். அப்பாவோடு ஒன்றாய் ஆடு மேய்த்தவர், எனக்குச் சித்தப்பா முறை. அடக்கத்தன்று காய்ச்சலில் கிடந்ததால் வர முடியவில்லை. கையில் மாலை அப்படியே இருந்தது.

"ஏன் சித்தப்பா இங்கயே நிக்கிறீக?"

"உங்கப்பனக் காணோம் அப்பு."

எங்களைப் போல வேதக்காரர்களுக்கு, அதாவது கிறிஸ்தவர்களுக்கு, பெயர்ப் பஞ்சம். அப்பா பெயரில் அங்கே பல பேர் கிடக்கிறார்கள். ஊரை வைத்துத்தான் ஆளைப் பிரிக்கணும். சித்தப்பாவுக்கு எழுத்துத் தெரியாததால், காவல்காரர் ஒவ்வொரு கல்லாய் வாசித்துச் சொல்லியிருக்கிறார். அப்பாவிடமும் வந்திருக்கிறார்கள். "இவரு திண்டுக்கல்காரரு" என்றதும் சித்தப்பா தாண்டிப் போய்விட்டார்.

கூட்டிப்போய்க் காட்டினேன். கல்லைத் தடவினார்.

"இம்புட்டுப் பெரிய கல்லுல நம்மூருக்கு எடமில்லையாக்கும்."

மாலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அண்ணன் குடும்பத்தோடு வந்தான். நடந்ததைச் சொன்னேன். "வாரேன்னு ஒரு போன் போட்டிருந்தா நானே காட்டியிருப்பேனே" என்றான். போனாம். அந்த ஊரில் அப்போது கரண்டே பாதி நாள் கிடையாது. அங்கே பொறந்த அண்ணனுக்கே அது தெரியாது.

மறுநாள் கல்லு வெட்டுகிறவரைக் கூட்டிப்போனேன். அந்த வரியைக் கொத்தி எடுத்துவிட்டு, எங்கள் ஊர்ப் பெயரைத் தமிழில் போடச் சொன்னேன்.

"பள்ளம் தெரியுமே."

"தெரியட்டும்."

"அண்ணன்ட்ட கேட்டாச்சா?"

"அவரு டவுன்காரரு. எங்கூரு விசயத்த அவருட்ட எதுக்குக் கேக்கணும்?"