நான் திருத்திய முக்கோணம்

ஒவ்வோர் எட்டுக்கும் சட்டைப் பையில் இருந்த கோணமானி நெஞ்சில் குத்தியது. தேர்வு நடந்த பள்ளியின் மேட்டிலிருந்து இறங்கி, குவீன்ஸ்டவுன் வழியாகச் சிராங்கூன் ரோட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். ஒரு செருப்பின் வார் காலையிலேயே அறுந்துவிட்டதால் இரண்டையும் கையில் பிடித்திருந்தேன். தேறமாட்டேன் என்பது உறுதியாகிவிட்டது. முடிவுக் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது ஒரு நிம்மதி.

ஜூரோங்கில் புதிதாக வந்திருந்த ஒரு கப்பல் பட்டறைக்குத் தேர்வு வைத்துப் பயிற்சி ஆட்கள் எடுத்தார்கள். பயிற்சி முடிந்தால் ஒரு தொழிலும் அதற்கான சான்றிதழும் கிடைக்கும். அதுவரை ரப்பர் தோட்டம், துறைமுகம், ஐஸ் கம்பெனி, மரப்பட்டறை என்று நான் போகாத இடமில்லை. எங்கேயும் நிலைக்கவில்லை. யாராவது கேட்டால் காட்ட ஒரு தாளும் என்னிடம் இல்லை. அந்தத் தாள் எனக்கு வேண்டியிருந்தது. நான் படித்ததோ தமிழ்ப்பள்ளியில் ஐந்தாவது வரை. தேர்வோ உயர்நிலைப்பள்ளிக் கணக்கு. தேர்வு நாளுக்கு மரப்பட்டறையில் லீவு கொடுக்கவில்லை. வேலையை விட்டுவிட்டுத்தான் எழுதப் போனேன்.

மூன்று மாதம் படித்தேன். மசாலா மில்லுக்கு மேலே எங்கள் அறை. மிளகாய் அரைக்கும் நாட்களில் தும்மிக்கொண்டேதான் சமன்பாடு போட வேண்டும். அறையில் என்னோடு இருந்தவன் பஸ் கண்டக்டர். அவன் உயர்நிலைப்பள்ளிவரை போய், கணக்கில் தோற்றவன். அதனால் என் கணக்கைத் திருத்தும் தகுதி தனக்கு உண்டு என்று நம்பினான்.

அல்ஜீப்ரா முதலில் எனக்குக் கோபத்தைத்தான் கொடுத்தது.

"நேத்து எக்ஸ்னா ஏழுன்ன. இன்னிக்குப் பன்னெண்டுங்கற."

"டேய், எக்ஸ்ங்கிறது நம்ம கட்டில் மாதிரி. ஒரு ராத்திரி நீ படுப்ப, மறு ராத்திரி நான் படுப்பேன். கட்டில் ஒண்ணுதான், ஆள் வேற."

அதற்குப் பிறகு அல்ஜீப்ரா தொல்லை கொடுக்கவில்லை. புள்ளியியலுக்கு அவன் பஸ்ஸையே எடுத்துக்கொண்டோம். ஐந்து நடையில் ஏறியவர்களைக் கூட்டினால் ஐம்பத்தேழு பேர். சராசரி பதினொன்று புள்ளி நான்கு.

"அந்தப் புள்ளி நாலு ஆள் எங்கடா நிப்பான்?" என்றேன்.

"புட்போர்டுல தொங்குவான் லா. அவனுக்குத்தான் நான் தினமும் கத்துறேன்."

ஜியோமெட்ரியில்தான் எங்களுக்குள் சண்டை. அவன் 'காரணம் எழுது' என்பான். நான் கோணமானியை வைத்து அளந்துவிடுவேன். மரப்பட்டறையில் ஜன்னல் சட்டம் அடித்தவனுக்கு அளந்தால் தெரிகிற விஷயத்துக்குக் காரணம் எதற்கு என்று விளங்கவில்லை. எங்களிடம் இருந்த பழைய புத்தகத்தில் படங்களைச் சுத்தமாக வரைந்திருந்தார்கள். அளந்து எழுதிய விடை ஒவ்வொரு தடவையும் கடைசிப் பக்கத்து விடையோடு ஒத்துப்போனது. அவனும் ஒரு கட்டத்தில் வாயை மூடிக்கொண்டான்.

தேர்வுத் தாளில் ஓர் இருசமபக்க முக்கோணம். அடிக்கோணம் எழுபது பாகை என்று அச்சடித்திருந்தார்கள். உச்சிக்கோணத்தைக் கேட்டிருந்தார்கள். அளந்தேன். எழுபது என்று போட்ட இடத்தில் அறுபத்திரண்டுதான் இருந்தது. இரண்டு தடவை அளந்தும் அதேதான். அச்சகத்தில் கவனக்குறைவு என்று நினைத்து, எழுபதை அடித்துவிட்டு அறுபத்திரண்டு என்று தெளிவாக எழுதினேன். உச்சிக்கோணம் ஐம்பத்தொன்று, மற்றது அறுபத்தேழு. மூன்றையும் கூட்டினால் சரியாக நூற்றெண்பது. அந்தத் திருப்தியில் மற்ற படங்களையும் திருத்திக்கொண்டே போனேன்.

தாளை வாங்க வந்த மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் காற்சட்டை, மூக்குக் கண்ணாடி. என் தாளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"தம்பி, இதென்ன செய்து வைச்சிருக்கிறீர்?"

"படம் தப்பு சார். அளந்து திருத்திட்டேன்."

"இது அளக்கிறதுக்குக் கீறின படமில்லை. மேல எழுதியிருக்கிறதை நீர் வாசிக்கேல்லையோ?"

தாளின் தலையில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. படங்கள் அளவுப்படி வரையப்பட்டவை அல்ல. நான் எப்போதும் நேரே கேள்விக்குப் போகிறவன்.

"எத்தினை கேள்வி இப்பிடி அளந்தனீர்?"

"எல்லாமே சார்."

அவர் சிரிக்கவில்லை. தாளை மெதுவாக அடுக்கில் வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அவர் சிரித்திருந்தால் கொஞ்சம் நம்பிக்கை வைத்திருப்பேன்.

நடந்து வந்த வழியில், குவீன்ஸ்டவுனில், அப்போது எங்கு பார்த்தாலும் அடுக்குவீடு எழும்பிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் அஸ்திவாரத்துக்கு முளை அடித்துக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே மேஸ்திரியை மண்டோர் என்பார்கள். வேலையாட்களை அதட்டிக்கொண்டிருந்த மண்டோரிடம் போய், "ஆள் வேணுமாண்ணே?" என்றேன்.

"என்ன தெரியும் உனக்கு?"

"அளக்கத் தெரியும்."

என் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். "நாளைக்கு ஏழு மணிக்கு வா. செருப்பக் கால்ல போட்டுட்டு வா."

சாயங்காலம் கண்டக்டர் நண்பன் கதையைக் கேட்டுக் கட்டிலில் உருண்டு சிரித்தான். "கேள்வித்தாளுக்கே மார்க் போட்டுட்டு வந்திருக்கியேடா!" பிறகு எழுந்து உட்கார்ந்து, செருப்பின் வாரை ஊசி போட்டுத் தைத்துக் கொடுத்தான்.

மறுநாள் ஏழு மணிக்கு முன்பே போய் நின்றேன். மண்டோர் ஒரு பலகையின் மேல் நீல வரைபடத்தை விரித்து, ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். என் கை தானாகப் பைக்குள் போய் அடிக்கோலை எடுத்தது. படத்தில் வைப்பதற்குள் மணிக்கட்டில் ஓர் அடி விழுந்தது.

"படத்த அளக்காத லா! காகிதம் ஈரத்துல நீளும், வெயில்ல சுருங்கும். போட்டிருக்கிற நம்பரப் படி."

வரைபடத்தின் மூலையில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. குனிந்து, எழுத்துக் கூட்டி, முழுக்கப் படித்தேன். படத்தை அளக்கக் கூடாது, எழுதியிருக்கும் அளவையே கொள்ள வேண்டும் என்று அங்கேயும் போட்டிருந்தார்கள்.

"பதினோரு அடி ஆறு அங்குலம்" என்றேன்.

மண்டோர் நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, "அந்த முளைக்குப் போ" என்றார். அடிக்கோலைப் பைக்குள் போட்டுவிட்டு, நாடாவை இழுத்துக்கொண்டு போனேன்.