நான்கு எழுத்துகளுக்கு விண்ணப்பித்த வருடம்

அந்தப் படிப்பின் பெயரை எங்கள் வீட்டில் யாராலும் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ். தொண்ணூறுகளின் கடைசி அது. விலங்கியல் பட்டத்தோடு காங்கேயத்தில் தேங்காய்க் களம் வைத்திருந்த குடும்பத்துக்கு மருமகளாகப் போயிருந்தேன். தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் அந்த முதுகலைப் படிப்பைப் புதிதாகத் தொடங்கியிருப்பதாகச் செய்தித்தாளில் சின்னதாக ஒரு விளம்பரம் வந்திருந்தது. அதைக் கணவரிடம் காட்டினேன்.

"இது எதுக்கு அம்மணி? டாக்டருக்கா, கம்ப்யூட்டருக்கா?"

"ரெண்டுக்கும் நடுவுலீங்க. உசுரை எழுத்தாட்டம் படிக்கறது."

அவர் விளம்பரத்தைத் திருப்பித் தந்தார். "படிக்கோணும்னு இருந்தாப் போட்டுப் பாரு."

களத்தில் காய்ந்துகொண்டிருந்த தேங்காய்ப் பருப்பை அத்தை, அவருடைய அம்மா, காலால் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது வயிற்றில் குழந்தை தங்கியிருந்தது.

நான் அதுவரை கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. விண்ணப்பத்தோடு, இந்தப் படிப்பில் ஏன் சேர விரும்புகிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பவும் வேண்டும். அதற்காகக் கம்ப்யூட்டர் பழகச் சனிக்கிழமைகளில் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினேன். பல்லடம் தாண்டியதும் கண் சொருகும். வெள்ளைத் தேங்காய் மூடிகள் வெயிலில் அண்ணாந்து கிடக்கிற களங்கள், சோளக்காடு, மில் சங்கு எல்லாம் அரைத் தூக்கத்தில் ஒன்றோடொன்று கலந்து போகும். நான் போவது நிஜமான ஊருக்குத்தானா என்றுகூடத் தோன்றும்.

உக்கடத்தில் ஓர் அத்தர் கடை. முன்பாதியில் அப்பா அத்தர் விற்க, பின்பாதியைத் தடுத்து மகன் இன்டர்நெட் சென்டர் வைத்திருந்தார். மல்லிகையும் சந்தனமும் சூடேறிய பிளாஸ்டிக்கும் சேர்ந்த மணம் அங்கே. மவுஸை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து எனக்குக் கற்றுத் தந்தவர் அந்த மகன்தான்.

"மெதுவா, தங்கச்சி. அது எங்கயும் ஓடிடாது."

ஒரு சனிக்கிழமை, மனித ரத்தத்துக்குச் சிவப்பைத் தருகிற மரபணுவைத் தேடிப் பிடித்தேன். டெலிபோன் கம்பி வழியாக அது வரிவரியாக இறங்கியது. ஏ, டி, ஜி, சி. இந்த நான்கே எழுத்துகள் திரும்பத் திரும்ப, திரை நிறைய. வார்த்தை இல்லை, நிறுத்தற்குறி இல்லை. மழை பெய்வதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போது வயிற்றுக்குள் ஏதோ வழுக்கி நகர்ந்தது, மீன் திரும்புகிற மாதிரி. குழந்தையின் முதல் அசைவு. திரையில் இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதான் என்று புத்தி சொன்னது. உடம்பு அதை நம்பாமல் சிலிர்த்தது.

"என்னாச்சு தங்கச்சி, லைன் கட்டாயிடுச்சா?"

"இல்லீங்கண்ணா. வந்துட்டிருக்குது."

புத்தகத்தைப் பார்த்து எழுதி வைத்திருந்த பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அன்று நடந்ததையே எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன்.

நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டபோது வயிறு நன்றாகவே தெரிந்தது. தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாகப் பஸ்ஸில் கணவரும் உடன் வந்தார். மேஜைக்குப் பின்னால் மூன்று பேராசிரியர்கள். அவர்களில் ஒருவர் பெண். என்னைப் பார்த்ததும் மின்விசிறிக்கு அடியில் நாற்காலியை நகர்த்தச் சொன்னார்.

"ப்ரோகிராம் எழுதத் தெரியுமாம்மா?" என்றார் நடுவில் இருந்தவர்.

"தெரியாதுங்க சார்."

அவர் ஒரு தாளை நீட்டினார். அந்த நான்கு எழுத்துகளால் ஆன இரண்டு நீண்ட வரிகள், ஒன்றன்கீழ் ஒன்று. எங்கே ஒத்துப்போகின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். தொடக்கத்தில் பொருந்தின, பாதிக்குமேல் எதுவுமே பொருந்தவில்லை.

"சார், இதைக் கிழிக்கலாங்களா?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்கள். வரிகளைத் தனித்தனியாகக் கிழித்தேன். கீழ்வரியைப் பாதியில் இரண்டாக்கி, பின்துண்டை ஓரெழுத்து அளவுக்கு நகர்த்தி வைத்தேன். கடைசிவரை அத்தனையும் சேர்ந்துகொண்டன.

"இந்த எடத்துல ஒரு எழுத்து விட்டுப்போயிருக்குங்க. அதைக் காலியா விட்டா மத்ததெல்லாம் சேருதுங்க."

அந்தப் பெண் பேராசிரியர் சிரித்தார். "மெஷினுக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுக்கப்போறோம்." பிறகு குரலைத் தணித்து, "வகுப்பு ஆரம்பிக்கறப்ப கைக்குழந்தை இருக்குமே, எப்படிச் சமாளிப்பே?" என்று கேட்டார்.

"தெரியலீங்க மேடம். ஆனா வந்துருவேன்."

ஆடியில் மகள் பிறந்தாள். பிறந்த பிள்ளையின் வாசம் மாறுவதற்குள் இடம் கிடைத்த கடிதமும் வந்துவிட்டது. மாமனார் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"கைப்புள்ளைய வெச்சுக்கிட்டு எப்படி கண்ணு? அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

வியாபாரத்தை விட்டுக் கணவரால் வர முடியாது என்று எனக்கும் தெரியும். மகளின் உள்ளங்காலை விரலால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகைகூட வரவில்லை, பஸ்ஸின் அரைத் தூக்கத்திலிருந்து யாரோ எழுப்பிவிட்டதுபோல் மட்டும் இருந்தது.

அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "நா கூடப் போறனுங்க. ஒரு ரூம்பு பாத்துக் குடுங்க, போதும்."

மாமனார் திரும்பினார். "களத்தை ஆரு பாக்கறது?"

"நீங்க பாருங்க. இத்தனை வருசமா நா பாக்கலீங்களா?"

அதற்குமேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

முதல் நாள், ஏசி குளிரில் வரிசையாகத் திரைகள் நீலமாக ஒளிர்ந்தன. ஆசிரியர் பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் இருந்தது. சற்று நேரத்தில் மார்பு கனத்து ரவிக்கை நனைந்தது. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடினேன். புங்க மரத்தடியில் அத்தை குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பசிச்சுப்போட்டுதாட்ட இருக்குது. இந்தா புடி, மறைச்சுக்கறேன்."

சேலைத் தலைப்பை விரித்து எனக்கு முன்னால் நின்றார். துணியின் வழியே வெயில் மஞ்சளாக வடிந்தது. மகள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

"உள்ள என்ன அம்மணி சொல்லித் தாராங்க?"

"மெஷினை எப்படிப் போடறது, எப்படி நிறுத்தறதுன்னு அத்தை."

"அதுக்கா இத்தனை தூரம் வந்தோம்?" என்று அத்தை சிரித்தார். தலைப்பு குலுங்கியது.